காகத்தின் அலகும் அயலாரின் கையும்: வேதம் சொல்லும் அற்புதப் போஷிப்பு

சகோதரி, மியான்மரின் தான்லியினிலிருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரத்தின்போது ஒருவர் எழுந்து, வீட்டில் அரிசி தீர்ந்துபோன அன்று தாம் முழங்காலில் நின்று ஜெபித்ததாகவும், பொழுது சாயுமுன்னே ஒரு மூட்டை அரிசி வாசலுக்கு வந்து சேர்ந்ததாகவும் சொன்னார். சபையார் கர்த்தரைத் துதித்தார்கள். அதே மாதத்தில் உங்கள் தகப்பனாருக்கு வேலை போயிருந்தது. நீங்களும் தாயாரும் அதே விதமாய் ஜெபித்தீர்கள். மூட்டை எதுவும் வரவில்லை. தெருமுனைக் கடையில் கடன் சொல்லித்தான் உலை வைத்தீர்கள். இதைக் கேள்விப்பட்ட சபை மூப்பர் ஒருவர், உங்கள் வீட்டில் விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டார். அப்படியானால் வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து இறங்கிய மன்னாவுக்கும், தீர்க்கதரிசி எலியாவுக்கு உணவு கொண்டுவந்த காகங்களுக்கும், இயேசு திரளான ஜனத்துக்குப் பங்கிட்ட ஐந்து அப்பத்துக்கும் நம் வாழ்க்கையில் என்ன பொருள், உங்கள் வீட்டு நிலையைச் சபையில் வாய்விட்டுச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூப்பர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றவற்றையெல்லாம் அதுதான் மறைத்துக்கொண்டு நிற்கிறது. வேதத்தில் உணவு அற்புதமாய் வந்த இடங்களைத் திறந்து, உணவைப் பெற்றவர்களுடைய விசுவாசம் எப்படியிருந்தது என்று மட்டும் பாருங்கள். சீன் வனாந்தரத்தில் மன்னா இறங்கியபோது இஸ்ரவேலர் உபவாச ஜெபத்தில் இருக்கவில்லை. எகிப்தில் இறைச்சிப் பாத்திரங்களண்டையில் உட்கார்ந்திருந்ததை நினைத்து மோசேயைக் கடிந்துகொண்டிருந்தார்கள். பஞ்சத்தில் எலியாவுக்கு உணவளித்த சாறிபாத் ஊர் விதவை இஸ்ரவேலின் தேவனைத் தன் தேவன் என்றுகூடச் சொல்லவில்லை. எலியாவிடம் 'உம்முடைய தேவனாகிய கர்த்தர்' என்றுதான் பேசுகிறாள். கலிலேயாக் கடலோரத்தில் உட்கார்ந்திருந்த 5,000 பேரில் ஒருவரும் அப்பம் கேட்டதாக எழுதப்படவில்லை. அவர்களை அனுப்பிவிடலாம் என்பதுதான் சீஷர்களின் யோசனை. நாசரேத்து ஊராருடைய அவிசுவாசத்தினால் இயேசு அங்கே அநேக அற்புதங்களைச் செய்யவில்லை என்று மத்தேயு எழுதுவது உண்மையே, அதை மூப்பர் எடுத்துக்காட்டவும் கூடும். ஆனால் பசியோடிருந்த ஒருவரை, விசுவாசம் போதாது என்று வெறுங்கையாய் அனுப்பிய நிகழ்ச்சி நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. அரிசி மூட்டையை வைத்துத்தான் விசுவாசத்தை நிறுப்பது என்றால், பசியிலும் தாகத்திலும் குளிரிலும் நிர்வாணத்திலும் இருந்தேன் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல்தான் முதலில் குறைந்த எடை காட்டுவார்.

இனி மன்னா. ஆளுக்கு ஒரு ஓமர் என்பது கட்டளை. ஓமர் என்பது ஏறக்குறைய இரண்டு லிட்டர் கொள்ளும் அளவு. நம் கடைகளில் எட்டுப் பால்டப்பா சேர்த்து அளந்து தருகிற ஒரு பியியை விடச் சற்றுக் குறைவு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு அது தாராளம். பதுக்கி வைக்கப் போதாது. மறுநாளுக்கென்று சிலர் எடுத்து வைத்தது புழு பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் மட்டும் இரட்டிப்பாய்ச் சேர்க்கலாம். இப்படி 40 ஆண்டுகள் நடந்தது. ஆனால் யோசுவாவின் புத்தகம் ஐந்தாம் அதிகாரத்தில், எரிகோவுக்கு அருகே ஜனங்கள் தேசத்தின் தானியத்தைப் புசித்த மறுநாளிலே மன்னா நின்றுபோயிற்று என்று ஒரே வசனத்தில் சொல்லி முடிகிறது. ஒருவரும் அதற்காக அழுததாக இல்லை. வயல் இருக்கும் இடத்தில் வயலின் வழியாகவும், வயல் இல்லாத இடத்தில் வானத்தின் வழியாகவும் அதே தேவன் படியளக்கிறார் என்பதே அங்கே கதையின் போக்கு. ஐராவதி டெல்டாவில் சேற்றில் இறங்கி நாற்று நட்ட நம் முன்னோர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. என் கைப்பெலனே இதைச் சம்பாதித்தது என்று அறுவடைக்குப் பிறகு சொல்லிக்கொள்ளாதே என்று உபாகமம் எட்டாம் அதிகாரம் எச்சரிப்பதும் இதனால்தான். அந்த எச்சரிக்கை வயிறு நிறைந்தவனுக்கு உரியது. பசித்திருப்பவனைக் குற்றப்படுத்த அதை எடுத்து வீசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமாய் நிற்பது மன்னாவை விட எலியாவின் கதைதான் என்று நினைக்கிறேன். பஞ்சகாலத்தில் அவன் கேரீத் ஆற்றண்டையில் ஒளிந்திருக்கிறான்; காகங்கள் காலையிலும் மாலையிலும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவருகின்றன. லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தில் காகம் புசிக்கத்தகாத, அருவருப்பான பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. தீர்க்கதரிசியின் உணவு அந்த அலகில் வந்தது. பிறகு ஆறு வற்றிப்போனது. தேவன் காட்டிய இடத்தில், தேவன் சொன்னபடியே இருந்தும் வற்றியது, இதையும் மூப்பர் கவனிக்க வேண்டும். அடுத்து அவன் அனுப்பப்பட்ட ஊர் சீதோன் நாட்டுச் சாறிபாத். எந்தப் பாகால் தெய்வத்தை எதிர்த்து அவன் நின்றானோ, அதே பாகாலை வணங்கும் நாடு. அங்கே ஒரு விதவை பட்டணவாசலில் விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பானையில் ஒரு பிடி மாவும் கலசத்தில் கொஞ்சம் எண்ணெயும் இருக்கின்றன. அதைச் சுட்டு, தானும் மகனும் சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போகலாம் என்பது அவளுடைய எண்ணம். அவளுடைய கையால்தான் எலியா பிழைக்கிறான், அவனால் அவள் வீடு பிழைக்கிறது. பஞ்சம் தீரும்வரைக்கும் பானையின் மாவு செலவழியவில்லை. ஆனால் பானை நிரம்பி வழிந்ததாகவும் இல்லை. ஒவ்வொரு நாளும் கையை விட்டபோது ஒரு பிடி இருந்தது, அவ்வளவுதான். அந்த அதிகாரத்திலேயே, மாவு தீராத அதே வீட்டில், அவளுடைய மகன் நோயுற்று மூச்சற்றுப்போகிறான். எலியாவின் ஜெபத்தால் அவன் மீண்டும் உயிர் பெறுகிறான் என்றாலும், அற்புதம் நடக்கும் வீட்டுக்குள் துக்கம் வராது என்று வேதம் ஒருபோதும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதை அந்த இடம் காட்டிவிடுகிறது. இயேசு தம் சொந்த ஊரான நாசரேத்தின் ஜெபஆலயத்தில் இந்த விதவையை எடுத்துப் பேசி, இஸ்ரவேலில் அநேகம் விதவைகள் இருந்தும் எலியா புறத்தியாளிடத்தில் அனுப்பப்பட்டான் என்று சொன்னபோது, கேட்டவர்கள் கோபமூண்டு அவரை மலைச்சிகரத்திலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள். தேவனுடைய கை நம் சபையின் எல்லைக்கு வெளியே இருந்து நீளலாம் என்பது அன்றைக்கும் பிடிக்காத பேச்சுதான்.

எலியாவுக்குப் பின் வந்த தீர்க்கதரிசி எலிசாவின் காலத்து விதவையை ஓரிரு வரியில் சொல்லிவிடுகிறேன். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளை அடிமைகளாக்க வந்து நிற்கிறான். எலிசா அவளை அயல்வீட்டாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறான். பாத்திரங்கள் தீர்ந்ததும் எண்ணெய் நின்றுபோகிறது. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீந்ததைக்கொண்டு பிழை என்கிறான். கடன்பட்ட வீடு சபிக்கப்பட்ட வீடு என்று யாராவது உங்கள் தாயாரிடம் சொன்னால் 2 இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். இறந்துபோன அந்தக் கணவன் கர்த்தருக்குப் பயந்தவன் என்றே அங்கே எழுதியிருக்கிறது.

நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் 1813இல் ரங்கூனுக்கு, அதாவது இன்றைய யாங்கோனுக்கு, வந்தவர்கள். பர்மிய மொழியில் முழு வேதாகமத்தையும் தந்தவர் ஜட்சன் என்பது எல்லோருக்கும் தெரியும். 1824இல் ஆங்கிலேயருடன் போர் மூண்டபோது ஆவாவைத் தலைநகராகக் கொண்ட பர்மிய அரசு அவரை ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையிலிட்டது. ஏறக்குறைய 17 மாதங்கள் விலங்கோடு கிடந்தார். அந்தச் சிறையில் கைதிக்கு உணவு கொண்டுவருவது அவனைச் சேர்ந்தவர்களின் பாடு. ஆன் கர்ப்பிணியாய் இருந்தபோதும் உணவைச் சுமந்துகொண்டு நடந்தார். 1825 ஜனவரியில் மரியா என்ற பெண் குழந்தை பிறந்தது. கைதிகளை அமரபுராவுக்கு அப்பால் அவுங்பின்லே என்ற சிற்றூருக்குக் கொண்டுபோனபோது கைக்குழந்தையோடு பின்னாலேயே போனார். அங்கே அவருக்குக் கடும் நோய் கண்டு பால் வற்றிப்போயிற்று. குழந்தை பசியால் கதறியது. ஆன் சிறைக்காவலர்களுக்கு வெகுமதி கொடுத்து இணங்கவைத்தார். ஜட்சன் சிறையிலிருந்து வெளியே வந்து, மெலிந்த குழந்தையை ஊருக்குள் தூக்கிக்கொண்டு போய், கைக்குழந்தையுள்ள தாய்மார்களிடம் கொஞ்சம் பால் கொடுக்கும்படி வீடு வீடாய்க் கெஞ்சினார். அந்தப் பர்மியத் தாய்மார் கொடுத்தார்கள்.

இன்னொருவரும் அங்கே இருந்தார். ஜட்சன் வீட்டில் கூலிக்குச் சமைத்த வங்காளி ஒருவர். ஆன் எழுதிய நீண்ட கடிதம் ஒன்றில் அவரைப் பற்றி வருவது, அவர் தம் சாதியாசாரத்தை மறந்து, சம்பளம் கேளாமல், ஜட்சனுக்கு உணவு சமைத்துச் சிறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்பி வந்து நோயாளியையும் பார்த்துக்கொண்டார் என்பதே. விறகுக்கும் தண்ணீருக்கும் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்ததால், தாம் பொழுது சாயும்வரை சாப்பிடாமலே இருந்த நாட்கள் உண்டாம். அவருடைய பெயரை ஆன் அந்தக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. எலியாவின் வரலாற்றிலும் சாறிபாத் விதவைக்குப் பெயர் இல்லை. இவர்களில் யாரும் ஜட்சனின் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆன் 1826 அக்டோபரில், கணவர் அருகில் இல்லாத வேளையில், ஆம்ஹெர்ஸ்ட் என்று அன்று அழைக்கப்பட்ட சைக்கமியில் இறந்தார்; அவுங்பின்லேயில் பிழைத்த குழந்தையும் ஆறு மாதத்தில் இறந்தது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் ஜட்சனின் சாட்சி பாதி சாட்சி. அந்தத் தாய்மார் கொடுத்த பால் தேவன் தந்ததுதான். அது சாவுக்கு விலக்குச் சீட்டு அன்று.

இப்போது உங்கள் தெருமுனைக் கடைக்கு வருகிறேன். கடைக்காரர் புத்த மதத்தினர், அதிகாலையில் வரிசையாய் வரும் பிக்குகளின் திருவோட்டில் ஒரு கரண்டிச் சோறு இடாமல் கடை திறக்காதவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் நாணயமான கியாட்டின் மதிப்பு சரிந்து, இன்று சொன்ன விலையை நாளை சொல்ல முடியாத இந்தக் காலத்தில், வேலை போன வீட்டுக்குக் கடனாய் அரிசி கொடுப்பவர் தம் முதலைப் பணயம் வைக்கிறார். ஒன்றும் வரவில்லை என்று எழுதினீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடன் கடன்தான், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அந்தப் பாரத்தை நான் சிறிதாக்கிப் பேசவில்லை. ஆனாலும் அந்த மாதம் உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. சாட்சி சொன்னவர் வீட்டு மூட்டையையும் யாரோ ஒருவர் அரிசி மண்டியில் விலை கொடுத்து வாங்கி, சைக்கா என்னும் மிதிவண்டி ரிக்‌ஷாவிலோ தோளிலோ கொண்டுவந்துதான் இறக்கியிருப்பார். நம் சாட்சிகளில் பெரும்பாலும் இந்த ஆள் காணாமல் போய்விடுகிறார்; கர்த்தர் கொடுத்தார் என்று சொல்லும்போது கொண்டுவந்தவரின் பெயரையும் சொன்னால் கர்த்தருக்கு மகிமை குறைந்துவிடும் என்று யாரோ நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பவுல் அப்படி எழுதுவதில்லை. தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்று நாம் சுவரில் மாட்டிவைக்கும் பிலிப்பியர் நான்காம் அதிகார வசனத்துக்கு முந்தின வசனத்தில், எப்பாப்பிரோதீத்துவின் கையில் நீங்கள் அனுப்பியதைப் பெற்றுக்கொண்டேன் என்று கொண்டுவந்தவரின் பெயரையே எழுதியிருக்கிறார்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் டெல்டாவை அழித்தபோது 1,30,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். தப்பியவர்கள் கர்த்தர் காத்தார் என்று சொன்னது நியாயம். ஆனால் அடித்துச் செல்லப்பட்டவர்களிலும் ஜெபித்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி என்னிடம் விளக்கம் இல்லை, துன்பத்துக்குக் காரணம் கற்பித்த யோபுவின் நண்பர்களைப் போல ஒன்றைத் தைத்துத் தர நான் விரும்பவும் இல்லை. அந்த வாரங்களில் யாங்கோனிலிருந்து சாதாரண ஜனங்கள் தங்கள் சொந்த வண்டிகளில் அரிசியும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு லபுட்டா, போகலே பக்கம் போனதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

அப்படியென்றால், உணவு வராதபோது வேதம் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது? இதற்கு நேரான விடை அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேம் சபையில் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அற்புதங்கள் நிறைந்திருந்த சபை, அப்போஸ்தலர்கள் நேரில் இருந்த சபை. அங்கேயே சோறு சிலருக்கு வரவில்லை. அப்போஸ்தலர்கள் அந்த விதவைகளை அழைத்து, இன்னும் விசுவாசத்தோடு ஜெபியுங்கள் என்று சொல்லவில்லை. சபையைக் கூட்டி, ஸ்தேவான், பிலிப்பு முதலான ஏழு பேரைத் தெரிந்தெடுத்து, பந்தி விசாரிப்பை அவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்திருக்கிறார்கள் என்று அறிஞர்கள் பலர் கருதுவது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆகாரமில்லாத சகோதரியிடம் சமாதானத்தோடே போ, பசியாறு என்று வாயால் சொல்லி அனுப்பினால் பிரயோஜனம் என்ன என்று யாக்கோபு கேட்பதும் இதே கேள்விதான். நீதிமானுடைய சந்ததி அப்பத்துக்கு இரந்து திரிகிறதைக் காணவில்லை என்ற 37ஆம் சங்கீத வசனத்தை உங்கள் மூப்பர் மேற்கோள் காட்டினாராம். அவர் அடுத்த வசனத்தையும் வாசித்திருக்கலாம்: நீதிமான் நித்தம் இரங்கிக் கடன் கொடுக்கிறான் என்கிறது அது.

பவுல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பணம் சேர்த்தபோது, மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவும் இல்லை என்ற மன்னா வசனத்தைத்தான் கொரிந்தியருக்கு எடுத்து எழுதுகிறார். வனாந்தரத்தில் தேவன் நேரடியாய்ச் சமப்படுத்தியதை இப்போது சபைகள் ஒன்றுக்கொன்று கொடுத்துச் சமப்படுத்துகின்றன என்று அவர் வாசிக்கிறார். இன்று உங்கள் மிகுதி அவர்களுக்கு, நாளை அவர்கள் மிகுதி உங்களுக்கு. அந்தப் பணத்தைத் தனியே தூக்கிக்கொண்டு போகவும் அவர் மறுத்து, ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடி சபைகள் தெரிந்தெடுத்த சகோதரர்களைக் கூட அழைத்துக்கொள்கிறார். கைப்பேசித் திரையில் தோன்றி, இந்த எண்ணுக்கு விதைக் காணிக்கை அனுப்பினால் 30 நாளில் நூறு மடங்கு திரும்பும் என்று சொல்லும் பிரசங்கியாரிடம் இந்த ஒரு சோதனையை வைத்துப் பாருங்கள்: கணக்கை யாருக்குக் காட்டுகிறார்? உங்கள் தாயார் கம்மலை அடகு வைத்து அப்படி அனுப்ப நினைத்ததாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். வேதத்தில் உணவு அற்புதங்கள் எதிலும் பசித்தவன் முன்பணம் கட்டியதில்லை. சாறிபாத் விதவையிடம் எலியா முதல் அடையைத் தனக்குக் கேட்டானே என்பார்கள். அவன் அந்த வீட்டிலேயே தங்கி, அதே பானையிலிருந்து உண்டு, அவள் மகன் செத்தபோது அவனை அவள் மடியிலிருந்து எடுத்து மேல்வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனவன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜெபிக்காமல் இருந்துவிடலாமா என்றால், கூடாது. அன்றன்றுள்ள அப்பத்தை எங்களுக்குத் தாரும் என்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் 'எங்களுக்கு' என்றுதான் இருக்கிறது. கதவை மூடிக்கொண்டு தனியாய் ஜெபிக்கும்போதும் அண்டை வீட்டாரையும் கூட்டிக்கொண்டுதான் அதைச் சொல்ல முடியும். எதிர்பாராத விதமாய், ஒருவருக்கும் சொல்லாத தேவை சரியான நாளில் நிறைவேறிய அனுபவங்கள் நம் மக்களிடையே உண்டு. அவற்றை நான் தற்செயல் என்று தள்ளுகிறவன் அல்லன். அவை நடக்கும்போது நன்றி சொல்லலாம். அவற்றைச் சட்டமாக்கி, நடக்காத வீட்டின்மேல் சுமத்தக்கூடாது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சாட்சி நேரத்தில் எழுந்து சொல்ல வேண்டாம். அது தகப்பனாரின் மனத்தைப் புண்படுத்தும், சபையாரும் அதைச் சாட்சியா விண்ணப்பமா என்று தெரியாமல் திகைப்பார்கள். ஆராதனை முடிந்தபின் போதகரையும் பொருளாளரையும் சேர்த்துப் பார்த்து, வேலை போன நாள், கடையில் நிற்கும் கடன், மாத வாடகை ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. அப்போஸ்தலர் காலத்து விதவைகளுக்கும், அவர்களைச் சேர்ந்தவர்கள் முறுமுறுத்த பிறகே பங்கு கிடைத்தது. கூடவே, நம் பாட்டிமார் செய்துவந்த பிடி அரிசி வழக்கத்தைச் சபையில் மீண்டும் தொடங்கலாமா என்று கேளுங்கள். உலையில் அரிசி போடுமுன் வீட்டுக்காரி ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டுவது அது. சின் மாநிலத்துக்கு அப்பால் மிசோராம் திருச்சபைகளில் 1910 முதல் இதே முறையில் அரிசி சேர்த்து ஊழியங்களைத் தாங்கி வருகிறார்கள். இரண்டு பேர் கையெழுத்திடும் ஒரு நோட்டில் கொடுத்தோர் ஒரு பக்கமும் பெற்றுக்கொண்டோர் மறுபக்கமும் எழுதப்பட வேண்டும். பெற்றுக்கொண்டோர் பக்கத்தைப் போதகரும் பொருளாளரும் மட்டும் பார்த்தால் போதும். முதல் மாதத்தில் உங்கள் வீட்டுப் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். தகப்பனாருக்கு வேலை கிடைத்து, கடைக்காரரின் பாக்கியும் தீர்ந்தபிறகு கொடுத்தோர் பக்கத்துக்கு மாற்றி எழுதச் சொல்லலாம்.